முதல் பதினெட்டு மணித்தியாலம்

ஜூலை பிறந்தால் ஊவா மலைகளில் கச்சான் வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமைச் சரிவுகளில் இறங்குகிறது. ஈரம் குறைந்த அந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடும்போதுதான் கொழுந்தில் ஊவாவுக்கே உரிய மணம் ஏறுகிறது. செப்டெம்பர்வரை அந்தத் தேயிலைக்குத் தனி மதிப்பு. செடியை வாட்டும் காற்று, கொழுந்து பறிப்பவரின் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, காய்ந்த கண்ணிலிருந்தே தண்ணீர் வழிகிறது.

காற்றை நேருக்கு நேர் சந்திப்பது விழிவெண்படலம். கருவிழிக்கு முன்னால் நிற்கும் நிறமற்ற படலம் அது. குறுக்களவு 11 முதல் 12 மில்லிமீற்றர். நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூடுதல். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மெல்லிய படலத்துடையது. உள்ளே இருக்கும் வில்லை செய்வது மீதியைத்தான். ஆகவே படலத்தின் நடுவில் கடுகளவு தழும்பு விழுந்தாலும் பார்வை மங்கிவிடும். ஓரத்தில் விழுந்தால் பல வேளை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உடம்பில் இரத்தக் குழாயே இல்லாமல் வாழும் பாகங்கள் மிகக் குறைவு; அவற்றில் இது ஒன்று. குழாய் ஓடினால் ஒளி புகாது. அதனால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைக் கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தும், சத்தைப் பின்புறம் நிறைந்திருக்கும் தெளிந்த நீரிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. இரத்தக் குழாய் இல்லாவிட்டாலும் நரம்புக்குக் குறைவில்லை. தோலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அடர்த்தியாக நரம்பு நுனிகள் இதில் பரவியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத தூசு விழுந்தாலும் கருங்கல் விழுந்ததுபோல் துடிப்பது அதனால்தான். அந்தத் துடிப்பு நம்மை எச்சரிக்கிறது. அதைத் தணித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படலத்துக்கு ஐந்து அடுக்கு. மேலே ஐந்தாறு வரிசைக் கலங்களாலான மேலணி. ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்ளும் அடுக்கு இது. கீறல் இதோடு நின்றால் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், தழும்பும் நிற்காது. அதற்கடியில் ஒரு மெல்லிய தடுப்பு. அதன்பின், தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் நடு அடுக்கு. கொலாஜன் நார்கள் ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் இந்த நடு அடுக்கு ஒளியைச் சிதறவிடாமல் கடத்துகிறது என்று 1957இல் டேவிட் மோரிஸ் விளக்கினார். காயமோ கிருமியோ அந்த ஒழுங்கைக் குலைத்தால், ஆறும்போது போடப்படும் புதிய நார்கள் முன்போல் வரிசையில் அமைவதில்லை. அந்த இடம் வெள்ளையாகிவிடும்.

கடைசியாக, இன்னொரு மெல்லிய சவ்வின் மேல் ஒரே வரிசையாகப் பரவிய உட்கலங்கள். படலத்துக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது இவற்றின் வேலை. வளர்ந்தவரிடம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 2,500 அளவில் இருக்கும் இவை செத்தால் மீண்டும் பிறப்பதில்லை. மலையில் ஆள் குறைந்த நாளில் மீதிப்பேர் கூடுதல் நிரை பிடிப்பதுபோல, எஞ்சிய கலங்கள் விரிந்து காலி இடத்தை நிரப்புகின்றன. எண்ணிக்கை சில நூறுக்குக் கீழே போனால் அவையும் தளர்ந்துவிடும். அப்போது படலம் நீர் ஊறி, ஊதி, மங்கும்.

மிலாறு பட்ட கண்

தோட்டத்தில் கண்ணுக்கு அடிபடும் வழிகளுக்குக் கணக்கில்லை. கவ்வாத்துக் கத்தி வெட்டும்போது தெறிக்கும் சிம்பு. வெட்டிய மிலாறைக் கட்டித் தலையில் தூக்கும்போது நீட்டிக்கொண்டிருக்கும் நுனி. புல் வெட்டும் மெஷினிலிருந்து பறந்து வரும் கல். கம்பளிப்பூச்சியின் மயிர்கூடப் படலத்தில் குத்தி நிற்கும். அதில் உள்ள நுண்ணிய முட்கள் முன்னோக்கியே நகர்த்துவதால், கசக்கக் கசக்க இன்னும் உள்ளே போகும். மொனராகலைப் பக்கம் இறங்கினால், பெல்வத்தைக் கரும்புத் தோட்டங்களின் இலை விளிம்பும் நெற்கதிரின் கூரும் இதே வேலையைச் செய்யும்.

கவ்வாத்து மலையில் ஒருவருக்குச் சிம்பு பட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் தண்ணீர் கொட்டும், திறக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் முந்தானை நுனியைத் திரித்துத் துடைத்துவிடுவார், வாயால் ஊதிவிடுவார். சில லயங்களில் நாக்கால் தூசு எடுக்கத் தெரிந்த பாட்டியும் இருப்பார். வீட்டுக்கு வந்ததும் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று வரிசை கட்டும். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் கிழிந்த மேலணிக்கு முந்தானையும் எச்சிலும் பூச்சாறும் கொண்டுவருவது கிருமியைத்தான். மேலணி முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கிழிந்துவிட்டால் வழி திறந்துவிடும்.

இந்த வழி எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை நேபாளத்தில் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு துல்லியமாகக் காட்டியது. 2001இல் வெளியான அதன் முடிவுப்படி, அங்கே ஆண்டுக்கு 100,000 பேரில் 799 பேருக்குப் படலத்தில் புண் வந்துகொண்டிருந்தது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டு வருபவருக்குக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் 1 வீதக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூன்று தடவையாக மூன்று நாள் போட வேண்டும். அவ்வளவுதான். கீறலோடு வந்த 442 பேரில் 424 பேருக்குப் புண் வராமலே ஆறியது. அடிபட்ட 18 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. 18இலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் 4 வீதத்தினருக்குக் கிருமி தொற்றியது. ஒரு நாள் கடந்து இரண்டாம் நாளில் வந்தவர்களிடம் அது 28.6 வீதமாக ஏறியது.

வைத்தியமும் மருந்தும் ஒன்றுதான். வந்த நேரம்தான் வேறு.

பின்னர் நேபாளத்திலேயே நடந்த இன்னும் பெரிய ஆய்வொன்றில், கிராமப் பணியாளர்களிடம் மருந்து கொடுத்துவைத்த ஊர்களில் புண்ணின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: களிம்பு டிஸ்பென்சரி அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது, அடிபட்டவர் அன்றைக்கே அங்கே வர வேண்டும். ஊவாத் தோட்டங்களில் அந்த ‘அன்றைக்கே’தான் சிக்கல். அதற்கும் வருவோம்.

கண்ணாடித் துண்டில் தெரிவது

அடிபட்டு இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. கண் சிவந்து, இமை வீங்கி, கருவிழியின் மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி. இதுதான் படலப் புண். சில நேரம் படலத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதியில் சீழ் ஒரு வெள்ளைக் கோடாகத் தேங்கி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்த நிலையில் வருபவர் வாட்டில் தங்கியாக வேண்டும். ஏனென்றால் முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு சொட்டு, இரவு பகல் பாராமல் விட வேண்டியிருக்கும். லயத்தில் அது நடக்காது.

கண் வைத்தியர் முதலில் செய்வதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கடதாசிப் பட்டி. அதில் ஃபுளோரெசின் சாயம் தோய்ந்திருக்கும். நுனியை ஈரமாக்கிக் கீழிமையின் உட்புறம் தொட்டு எடுப்பார். நோயாளி இரண்டு முறை இமை கொட்டுவார். பிறகு நீல ஒளி. மேலணி நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது; கிழிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். வெறுங்கண்ணுக்குத் தென்படாத நகக்கீறல்கூட அந்த நீல வெளிச்சத்தில் துலங்கிவிடும். ஹெர்பீஸ் வைரஸ் வந்திருந்தால், பச்சைக் கோடு மரக்கிளைபோல் கவராகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்ததும் பழகிய வைத்தியர் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்.

அடுத்து, மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப். சுவீடன் நாட்டு அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911இல் காட்டிய கருவி. இன்றும் கண் கிளினிக் ஒன்றின் உயிர்நாடி இதுதான். அரை மில்லிமீற்றர் படலத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுவதுபோல், புண் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை இது சொல்லிவிடும்.

புண்ணுக்குக் காரணம் பற்றீரியாவா பூஞ்சையா என்று கண்ணைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. அதனால் கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் ஓரத்தைச் சிறு கத்தியால் இலேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். பூஞ்சையாக இருந்தால் அதன் இழைகள் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

பூஞ்சையை நம்மவர்கள் அரிதான ஒன்றாக நினைக்கக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் படலப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் முன்பு கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்து காட்டிய புண்களில் பற்றீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. பூமத்தியரேகையை நெருங்க நெருங்கப் பூஞ்சையின் பங்கு கூடுகிறது. ஈரமும் வெப்பமும் செடிகொடியும் சேர்ந்த இடத்தில் அது இயல்பு. உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கண்களைப் பூஞ்சை தாக்குவதாக 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இதற்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு விடை கண்டதிலும் மதுரைக்குப் பெரும் பங்குண்டு. 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பழைய நட்டமைசின் சொட்டு மருந்தே புதிய வொரிகொனசோலைவிடச் சிறந்தது என்று நிறுவியது.

இங்கேதான் பாமசிச் சொட்டு மருந்தின் ஆபத்து. சிவந்த கண்ணுக்கு என்று கேட்டு வாங்கும் மருந்திலும், அடுத்த வீட்டுக்காரர் மிச்சம் வைத்த போத்தலிலும் ஸ்டீரோயிட் இருக்கலாம். லேபலில் டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீரோயிட்தான். விட்டவுடன் சிவப்புக் குறையும், வலி தணியும், நோயாளிக்குத் திருப்தி. ஆனால் அது தணித்தது உடம்பின் எதிர்ப்பை. பூஞ்சையும் ஹெர்பீஸும் தடையின்றி உள்ளே வேரோடும். மறுபடி வலி வரும்போது படலம் உருகி ஓட்டையாகும் நிலைக்குப் போயிருக்கலாம். இந்த மருந்துக்கும் கண் வைத்தியத்தில் இடமுண்டு. ஸ்லிட் லாம்பில் பார்த்தவர் கையால் மட்டுமே அது எழுதப்பட வேண்டும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு

கிருமிக்குப் பதினெட்டு மணித்தியாலம் அவகாசம் என்றால், சுண்ணாம்புக்கு அதுவும் இல்லை. அமிலம் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அமிலம் மேலும் ஆழமாகப் போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல. கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். வெற்றிலைப் பையில் கிடக்கும் சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தை அமுக்கும்போது, தீபாவளிக்கு லயத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது, கண்ணுக்குள் போவது இந்தக் காரம்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவத் தொடங்க வேண்டும். அரை மணித்தியாலம் விடாமல் ஊற்ற வேண்டும். மேலிமையைத் தூக்கி அடியிலும் ஊற்ற வேண்டும்; சுண்ணாம்புத் துணுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பீலித் தண்ணீர் போதும். சுத்திகரித்த தண்ணீர் தேடிப் போகும் நேரத்தில் கண் போய்விடும். மருந்தடிக்கும்போது தெறித்தாலும் இதே முதலுதவிதான்.

மொனராகலைப் பக்கத்து வறண்ட வெளிகளில் எருக்கஞ்செடியை ஒடிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய வலியே இல்லாமல் பார்வை மங்கும். பால் உள்ளே ஊடுருவி, நீர் இறைக்கும் உட்கலங்களைத் தாக்குவதே காரணம். வலிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

உலகின் முதல் வெற்றிகரமான படல மாற்றுச் சத்திரசிகிச்சைக்கும் சுண்ணாம்புதான் காரணம். மொராவியாவின் ஒலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெளுத்துப்போன அலோயிஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளிக்கு, 1905 டிசெம்பர் 7ஆம் திகதி எட்வார்ட் சிர்ம் புதிய படலம் பொருத்தினார். இரும்புத் துண்டு குத்தி அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து அது எடுக்கப்பட்டது. குளோகரின் ஒரு கண்ணில் படலம் தெளிவாகவே நிலைத்தது. அவர் மீண்டும் வேலைக்குப் போனார்.

வெயிலும் அரிப்பும்

எல்லாக் கோளாறும் இப்படி ஓரிரு நாளில் முடிவாவதில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் நிற்பவர்களுக்கு, மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து முக்கோணமாகச் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகரும். புறஊதாக் கதிர்தான் இதற்கு முதல் சந்தேக நபர். மலை உயர உயர அந்தக் கதிர் கூடும். அகன்ற விளிம்புத் தொப்பி நல்ல காப்பு. ஆனால் கூடைக் கயிறு தலையைப் பிடித்திருக்கும்போது தொப்பி எப்படி நிற்கும்? கொழுந்து எடுப்பவருக்கு ஏற்ற கண் காப்பு எது என்பதைத் தோட்டங்கள் இனியாவது யோசிக்க வேண்டும். சதை சிறிதாக இருந்தால் கண்காணித்தால் போதும். கருவிழியின் நடுவை நெருங்கினால் வெட்டி எடுக்கலாம். வெட்டிய இடத்தை அதே கண்ணின் மெல்லிய தோலால் மூடித் தைத்தால் மறுபடி வளரும் வாய்ப்புக் குறையும்.

கச்சான் காலத்து உலர்வுக்கு, கண்ணீருக்கு ஈடான சொட்டு மருந்துகள் உண்டு. சமையற்கட்டில் மிலாறுப் புகை சுற்றினால் மருந்து மட்டும் பலன் தராது. புகை வெளியேற வழியும் வேண்டும்.

பிள்ளைகள் விடயத்தில் கவனிக்க வேண்டியது அரிப்பு. வருடா வருடம் கண் அரித்து, முஷ்டியால் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம். தொடர்ந்து தேய்ப்பதற்கும், பதின்ம வயதில் படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்க்கும் தொடர்புண்டு. பிரித்தானியாவில் நடந்த ஆய்வுகள், இந்த நோய் வெள்ளையரைவிடத் தெற்காசிய வம்சாவளியினரிடம் பல மடங்கு அதிகம் என்று காட்டின. கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறினால், அதிலும் ஒரு கண்ணுக்கு மட்டும் வேகமாக மாறினால், படலத்தின் வளைவை அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வேளையோடு கண்டால், ரைபோஃபிளேவின் என்ற விற்றமினையும் புறஊதா ஒளியையும் கொண்டு நார்களை இறுக்கி, நோயை அங்கேயே நிறுத்தலாம். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இந்த முறை 2003 முதல் உலகெங்கும் பரவியது. மெலிந்தது மீண்டும் தடிக்காது. மேலும் மெலியாமல் தடுப்பதுதான் கிடைக்கும் பலன்.

சத்துக் குறைவையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். விற்றமின் ஏ போதாத குழந்தைக்கு, அதிலும் சின்னமுத்து வந்து எழுந்த குழந்தைக்கு, படலம் காய்ந்து உருகிப்போகும் ஆபத்துண்டு. கிளினிக்கில் கொடுக்கும் விற்றமின் ஏ மருந்தைத் தவறவிடக் கூடாது. முருங்கைக் கீரையும் பப்பாளிப் பழமும் தோட்டத்திலேயே கிடைக்கின்றன.

கண்ணில் வெள்ளை தெரிந்தாலே ‘பூ விழுந்திருக்கிறது’ என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. கருவிழியைச் சுற்றி வயதானவருக்கு வரும் சாம்பல் வளையம் பார்வைக்குத் தீங்கு செய்யாது. கண்மணியின் நடுவே உள்ளே ஆழமாகத் தெரியும் வெள்ளை பெரும்பாலும் புரை. வில்லை மாற்றினால் பார்வை திரும்பும், அவசரம் இல்லை. மேற்பரப்பில் தெரியும் வெள்ளைதான் படலத்துடையது. அது புதிதாக வந்து, கூடவே வலியும் சிவப்பும் இருந்தால் அன்றே போக வேண்டும்.

கண் கொடுத்த தீவு

சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். பௌத்த ஜாதகக் கதையில் வரும் சிவி அரசன் கொடுப்பது தன் கண்களை. அந்தக் கதையில் ஊறிய சிங்கள மக்களிடம், 1958இல் ஹட்சன் சில்வா என்ற இளைஞர் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் மூலம் கண்தானம் கேட்டார். 1960இல் இறந்த தன் தாயின் கண்களை அவரே எடுத்து இன்னொருவருக்குப் பார்வை கிடைக்கச் செய்தார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் உருவானது. 1964இல் முதல் கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. 2012 வரையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட படலங்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. உலகம் முழுதும் எழுபது பேருக்குத் தேவைப்படும் இடத்தில் ஒரு படலம்தான் கிடைக்கிறது என்று 2016இல் ஒரு கணக்கெடுப்புச் சொன்னது. அந்தப் பஞ்சத்தில் இந்தச் சிறு தீவு செய்திருப்பது பெரிய காரியம்.

இறந்த சில மணித்தியாலங்களுக்குள் கண் எடுக்கப்பட வேண்டும். இரத்தக் குழாய் இல்லாத திசு என்பதால் இரத்த வகை பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணாடி போட்டவரும் புரை வெட்டியவரும் கொடுக்கலாம்.

ஆனால் படலம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கூம்பாகப் புடைத்த கண்ணில் மாற்றுப் படலம் நன்றாக நிலைக்கும். கிருமிப் புண்ணால் சிதைந்து, இரத்தக் குழாய்கள் உள்ளே ஊடுருவிவிட்ட கண்ணில், உடம்பு அதை நிராகரிக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதாவது, கவ்வாத்து மலையில் அடிபட்டுத் தாமதமாக வந்தவருக்குத்தான் மாற்றுப் படலம் கைகொடுப்பது குறைவு. நிலைத்தாலும், சொட்டு மருந்தும் கிளினிக்கும் ஆண்டுக்கணக்கில் தொடரும். சிவப்பு, கூச்சம், மங்கல், வலி இவற்றில் எது தலைகாட்டினாலும் உடனே ஓட வேண்டும்.

பேர் போகும் நாள்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. அங்கே முடியாததைக் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அந்த வைத்தியசாலை நிற்கும் சந்தியை லிப்டன் சுற்றுவட்டம் என்று அழைப்பார்கள். 1890இல் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தில் தொழிற்சாலை கட்டிய அதே லிப்டன்தான். ஊவாத் தேயிலை கொழும்புக்குப் போக வழி எப்போதோ போட்டாகிவிட்டது. கொழுந்து பறித்தவரின் கண் அந்த வழியில் போய்ச் சேரத்தான் நாளாகிறது.

ஏன் நாளாகிறது? அடிபட்ட அன்று மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான். மறுநாள் பதுளைக்குப் போனால் பேரே இல்லை. பஸ் காசு, துணைக்கு வருபவரின் பேர், வீட்டில் விட்டுவரும் பிள்ளை என்று கணக்கு நீளும். அதனால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று ஒரு நாள், ‘சம்பளத்துக்குப் பிறகு’ என்று இன்னும் சில நாள். டிஸ்பென்சரியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“எப்பம்மா பட்டுச்சு?”

“போன செவ்வாக்கெழம மிலாறு குத்துச்சுங்க ஐயா. தானா சரியாயிரும்னு இருந்துட்டேங்க.”

இதை அறியாமை என்று சொல்வது சுலபம். அவர் கூட்டிப் பார்த்தது தன் கூலிக் கணக்கை. அந்தக் கணக்கில் பிழையும் இல்லை. முதல் நாள் வலிக்கும் கீறல் பெரும்பாலும் தானாகவே ஆறுகிறது என்பது அனுபவம். எந்தக் கீறல் ஆறாது என்பதை முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாக் கீறலையும் அன்றே பார்க்க வேண்டியிருக்கிறது.

அடிபட்டவர் செய்ய வேண்டியவை சில. கண்ணைத் தேய்க்கக் கூடாது. தூசு என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். குத்தி நிற்பது எதுவானாலும் தொடாமல் வைத்தியரிடம் விட வேண்டும். துணியால் இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டுக்குள் கிருமி சௌகரியமாக வளரும். செடி, மண், இரும்பு எது பட்டாலும் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போய், எது பட்டது, எத்தனை மணிக்கு, இதுவரை என்ன விட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நந்தியாவட்டை விட்டதையும் சொல்ல வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்தால் வைத்தியம் திசைமாறும். பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு நாளில் குறையாத வலி இவற்றில் ஒன்றிருந்தாலும் கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்கே போக வேண்டும். கண் கிழிந்தாலோ இரசாயனம் பட்டாலோ, கழுவிக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அம்புலன்ஸ் இலவசம்.

தோட்டம் செய்ய வேண்டியவையும் அதிகமில்லை. கவ்வாத்துக்கும் புல் மெஷினுக்கும் நிற்பவருக்கு ஒரு காப்புக் கண்ணாடி. டிஸ்பென்சரியில் ஃபுளோரெசின் பட்டி, நீல வெளிச்சம் தரும் சிறிய டோர்ச், அன்டிபயோட்டிக் களிம்பு. தோட்ட வைத்திய உதவியாளருக்கு, எது இங்கே ஆறும், எது உடனே பதுளைக்குப் போக வேண்டும் என்று பிரித்தறியும் பயிற்சி. இவற்றோடு மிக முக்கியமான ஒன்று: கண்ணில் அடிபட்டு இறங்குபவருக்கு அன்றைய பேர் முழுதாகப் போட வேண்டும். பக்தபூரில் பதினெட்டு மணித்தியாலத்துக்குள் வந்தவர்களின் கண் தப்பியது. ஊவாவில் அந்த நேரத்துக்குள் ஒருவர் வந்துசேர்வதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பேர் போடும் செக்ரோல் புத்தகம்தான்.